காந்தி ரோட்டில் எதிரே வந்த ரூம்மேட்: பழைய சிநேகிதத்தோடு பேசும் இங்கிலீஷ்

வேலூரில் பழைய சிநேகிதம் எதிரே வருவது அபூர்வமே இல்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டில் போட்டுத் தொடங்கிய வைத்தியசாலை இன்றைக்கு சி.எம்.சி.யாக நிற்கிறது. கொல்கத்தா, ராஞ்சி, குவாஹாட்டி, அகர்தலா என்று எந்தெந்த ஊர் ஜனமோ காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸோ இரண்டாம் நம்பர் பஸ்ஸோ பிடித்து இங்கே வந்து சேருகிறது. காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டிலிருந்து சாப்பாட்டுக் கடை வரைக்கும் வங்காள எழுத்து. அந்த ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சின்ன லாட்ஜ் உண்டு. ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், "அட, நீயா!" என்று இரண்டு பேர் வாசலிலேயே கட்டிக்கொள்வதை அடிக்கடி பார்க்கலாம். ஒரே மொழிக்காரர்கள் என்றால் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொள்வார்கள். ஒருத்தர் ஒடியா, இன்னொருத்தர் நாகாலாந்து என்றால்தான் இங்கிலீஷுக்கு வேலை வருகிறது.

படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஆபீஸில் பக்கம் பக்கமாக ஈமெயில் எழுதுகிறவர்கள், மீட்டிங்கில் எழுந்து நின்று பேசுகிறவர்கள். ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் பார்க்காத முகம் திடீரென்று முன்னால் வந்தால் "ஹாய்… ஹௌ ஆர் யூ?… ஃபைன்… யூ?" என்பதோடு சரக்கு தீர்ந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். உள்ளே அவ்வளவு பிரியம் இருக்கும், வாய்க்கு வராது.

2004 வாக்கில் நான் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் இருந்தேன். வாய்ஸ் அண்ட் ஆக்ஸென்ட் என்று வாரக்கணக்கில் பயிற்சி. கோபமாகக் கத்துகிற கஸ்டமரை எப்படிச் சமாதானப்படுத்துவது, எந்த இடத்தில் மூச்சு விடுவது, எல்லாம் சொல்லித்தந்தார்கள். அந்த இங்கிலீஷ் அடுத்த அழைப்பை எடுக்க உதவியதே தவிர, மனசு விட்டுப் பேச உதவவில்லை. அதைக் கற்றுக்கொண்டது பி.டி.எம். லேஅவுட் லேடீஸ் பி.ஜி.யில், என் ரூம்மேட்டிடம். கொல்கத்தாக்காரி. என்னைவிட மூத்தவள் என்பதால் மொத்தப் பி.ஜி.யும் அவளைத் தீதி என்றுதான் கூப்பிடும். வங்காளத்தில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்.

அந்தத் தீதிதான் ஒரு மத்தியானம் காந்தி ரோட்டில் எதிரே வந்தாள். மருந்துக் கடை வாசலில் நின்று நான் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் படங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்தபடி ஓர் அம்மாள் என்னைத் தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். எடுத்த எடுப்பில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எக்ஸ்கியூஸ் மீ, டிட் யூ எவர் லிவ் இன் பி.டி.எம். லேஅவுட்? ஐ வாஸ் யுவர் ரூம்மேட். நைட் ஷிஃப்ட், முரி அண்ட் சானாச்சூர்!"

முரி என்றால் பொரி. சானாச்சூர் என்பது நம்ம ஊர் காரக் கலவையின் வங்காளத் தங்கை. விடிகாலை மூன்று மணிக்கு டாடா சுமோவில் வந்து இறங்கி, கட்டிலில் பேப்பர் விரித்து அதைத்தான் தின்போம். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் முகம் தெரிந்துவிட்டது. நரைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். குரல் மட்டும் பழைய குரல்.

அவள் பேசிய வரிசையைக் கவனியுங்கள். எந்த ஊர், என்ன உறவு, எதிராளி மறந்திருக்கவே முடியாத ஒரு சங்கதி. மூன்றையும் அவளே கொடுத்துவிட்டாள். என்னை யோசிக்க வைக்கவில்லை. நம்மில் பாதிப் பேர் இந்த இடத்தில் "டூ யூ ரிமெம்பர் மீ?" என்று கேட்டுவிட்டு, புன்சிரிப்போடு காத்திருப்போம். தமிழில் "யாருன்னு சொல்லு பாப்போம்" என்று விளையாடுவது ஒரு செல்லம். இங்கிலீஷில் அதையே கேட்டால் எதிராளிக்கு வியர்க்கும். ஞாபகம் இல்லை என்று சொல்லவும் முடியாது, இருக்கிறது என்று நடிக்கவும் முடியாது. அதைவிட, "யூ மே நாட் ரிமெம்பர் மீ" என்று தொடங்கி, பேரைச் சொல்லி, "வீ வேர் இன் தி ஸேம் ஹாஸ்டல் இன் ஷில்லாங்" என்று இடத்தைச் சேர்த்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

முகம் தெரிகிறது, பேர் வரவில்லை என்றால் ஒளிக்க வேண்டாம். "ஐம் ஸோ ஸாரி, ஐ நோ யூ வெரி வெல், பட் யுவர் நேம் ஹேஸ் ஸ்லிப்ட் மை மைண்ட்." இதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். கால் மணி நேரம் பேசிய பிறகு கேட்டால்தான் மனசு புண்படும். ஆளே வேறு என்று தெரிந்தால், "ஸாரி, ஐ தாட் யூ வேர் சம்ஒன் ஐ நியூ" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். விளக்கம் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் ஆச்சரியத்துக்கு எது வாயில் வருகிறதோ அது சரி. "ஓ மை காட்!", "லுக் ஹூஸ் ஹியர்!", "வாட் எ சர்ப்ரைஸ்!", "ஐ கான்ட் பிலீவ் இட்!" எல்லாமே செல்லும். "லாங் டைம் நோ சீ" என்பதைக் கேட்டால் இலக்கணம் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே சொல்வதுதான், தயங்க வேண்டாம். "இட்ஸ் பீன் ஏஜஸ்!" அதைவிடக் கொஞ்சம் அழகு. "ஃபேன்ஸி மீட்டிங் யூ ஹியர்" என்று சில புத்தகங்களில் போட்டிருப்பார்கள். லண்டனில் சரியாக இருக்கலாம். காந்தி ரோட்டு வெயிலில் அதைச் சொன்னால் நாடகத்தில் நடிப்பதாக நினைப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: "நைஸ் டு மீட் யூ" என்பது முதல் தடவை அறிமுகம் ஆகிறவர்களுக்கு. பழகின முகத்துக்கு "ஸோ குட் டு சீ யூ!" ஹோட்டல், கால் சென்டர் என்று வேலை பார்த்தவர்களுக்கு முதல் வாக்கியம் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும், தன்னால் வெளியே வந்துவிடும்.

தீதியும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அர்த்தமில்லாமல் கத்திக்கொண்டிருந்தோம். மருந்துக் கடைப் பையன் மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

அடுத்து வருவதுதான் கஷ்டமான இடம். இயல்பாக வாயில் வரும் கேள்வி, "வாட் ஆர் யூ டூயிங் ஹியர்?" சென்னை ஏர்போர்ட்டிலோ ஊட்டியிலோ இதைக் கேட்கலாம், சந்தோஷமாகப் பதில் வரும். வேலூரில், அதுவும் ஸ்கேன் கவரைப் பிடித்திருக்கிறவளிடம், இதற்கு என்ன பதில் வரும் என்று ஊருக்கே தெரியும். வெளியூரிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வருகிறவர்கள் தலைவலிக்காக வருவதில்லை. ஆகவே லாட்ஜில் உட்கார்ந்த பழக்கத்தில் நான் என் கதையை முதலில் சொன்னேன். "ஐ லிவ் ஹியர் நௌ, தீதி. வீ ரன் எ ஸ்மால் லாட்ஜ், ஜஸ்ட் பிஹைண்ட் திஸ் ஷாப்." அவ்வளவுதான். அவள் கவரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "ஐ கேம் வித் பாபா" என்றாள்.

பாபா என்றால் அவள் அப்பா. என்ன வியாதி, எந்த டாக்டர், எத்தனை நாள், எதுவும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு இதில்தான் முழுச் சூட்சுமமும் இருப்பதாகப் படுகிறது. தமிழில் கேட்பதுதான் பாசம். "ஏன் இளைச்சிட்ட? புள்ளைங்க எத்தினி? வீட்டுக்காரர் இன்னா பண்றாரு?" என்று அடுக்கினால்தான் நம்மவள் என்று அர்த்தம்; கேட்காமல் போனால்தான் கோபித்துக்கொள்வார்கள். அதே கேள்விகளை இங்கிலீஷில் போட்டால் குரலில் இருக்கும் ஈரம் காய்ந்து, வெறும் கேள்வி மட்டும் நிற்கும். அதனால் இங்கிலீஷில் பேசும்போது கேட்பதற்குப் பதிலாக, நம் பக்கத்துச் சேதியைக் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். அதைப் பார்த்து எதிராளி தன் சேதியில் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொல்வார்.

எங்கள் ரிசப்ஷனில் ராத்திரி வேலைக்கு ஒரு தம்பி இருக்கிறான், பாலிடெக்னிக் படிக்கிறவன். அவனிடம் இதைச் சொன்னபோது, "இன்னாக்கா, 'வொய் ஹேவ் யூ கம் ஹியர்?'னு கேட்டா தப்பா? கிராமர் கரெக்டாத்தானே கீது?" என்றான்.

"கிராமர் கரெக்ட்தான்டா. ஆனா ஸ்டேஷன்ல எஸ்.ஐ. கேக்கற மாதிரி இருக்கும்" என்றேன்.

"அப்ப எதுவுமே கேக்கக் கூடாதா?"

கேட்கலாம். ஆனால் எதிராளி விருப்பம்போலப் பதில் சொல்ல இடம் விட்டுக் கேட்க வேண்டும். "ஹௌ ஹேவ் யூ பீன்?" அப்படிப்பட்ட கேள்வி. "ஹௌ ஆர் யூ?" என்றால் இன்றைக்கு, இந்த நிமிஷத்தில் எப்படி இருக்கிறாய் என்பது; "ஃபைன்" என்ற ஒற்றை வார்த்தையோடு கதவு மூடிவிடும். "ஹௌ ஹேவ் யூ பீன்?" நடுவில் கழிந்த வருஷங்களையும் சேர்த்து விசாரிக்கிறது. ஒருத்தர் இரண்டு வார்த்தையில் முடிக்கலாம், இன்னொருத்தர் இரண்டு காபி குடிக்கும் நேரத்துக்குச் சொல்லலாம். பீன் என்பதை நீட்டினாலும் சரி, அமெரிக்கர்கள் மாதிரி பின் என்று குறுக்கினாலும் சரி. அழுத்தம் அந்தச் சொல்லில் விழணும். "வாட் ஹேவ் யூ பீன் அப் டு?" என்பதும் இதே குடும்பம்தான், ஆனால் விளையாட்டுத்தனம் கூடுதல். ரயிலில் பார்த்த காலேஜ் தோழனிடம் கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் வேண்டாம்.

வீட்டு மனுஷர்களை விசாரிக்க "ஹௌ இஸ் எவ்ரிபடி அட் ஹோம்?" போதும். பேர் குறிப்பிட்டு "ஹௌ இஸ் யுவர் ஹஸ்பண்ட்?" என்று கேட்டால், அந்த ஹஸ்பண்ட் இப்போது இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறு வீட்டில் இருக்கலாம். பதினைந்து வருஷத்தில் என்னவெல்லாமோ நடந்திருக்கும். வேலையைப் பற்றி "வேர் ஆர் யூ வொர்க்கிங் நௌ?" என்பதைவிட "வாட் கீப்ஸ் யூ பிஸி தீஸ் டேஸ்?" நல்லது, வேலையை விட்டவர்களும் வேலை போனவர்களும் கூசாமல் பதில் சொல்லலாம். "ஸ்டில்" என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். "ஆர் யூ ஸ்டில் இன் கொல்கத்தா?" பரவாயில்லை. "ஆர் யூ ஸ்டில் இன் தி ஸேம் ஜாப்?" என்பதில் இன்னும் அங்கேயேவா என்ற கிண்டல் ஒட்டிக்கொள்கிறது. "ஆர் யூ ஸ்டில் சிங்கிள்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் ரூம் கொடுப்பதே சந்தேகம்.

உடம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பது வேலூர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. "யூ ஹேவ் புட் ஆன் வெயிட்" என்பது பொதுவாகவே இங்கிலீஷில் வம்பு. இங்கே "யூ ஹேவ் லாஸ்ட் வெயிட்" அதைவிட வம்பு. பாராட்டு என்று நினைத்துச் சொல்வோம், அவர் சாப்பிட முடியாமல் இளைத்திருப்பார். லாட்ஜ் வாசலில் மொட்டைத் தலையோடு இரண்டு பேர் வந்தால், ஒருத்தர் திருப்பதி போய்விட்டு வந்தவர், இன்னொருத்தருக்குச் சிகிச்சையில் முடி கொட்டியிருக்கும். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. "யூ ஹேவன்ட் சேஞ்ச்ட் அட் ஆல்" என்ற பிரசித்தி பெற்ற பொய்யைக்கூட ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எதுவும் சொல்லாமல் "இட்ஸ் ஸோ குட் டு சீ யூ" என்று இரண்டாம் தடவையும் சொல்லலாம், யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தீதி கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள், அப்பாவுக்கு என்ன, எத்தனை வாரம் தங்க வேண்டும் என்று. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது, அப்போது என்ன பேசலாம் என்பதை. "ஐ ஹோப் இட்ஸ் நத்திங் சீரியஸ்" என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். சாதாரணக் காய்ச்சலுக்குப் பொருந்தும். இவ்வளவு தூரம் வந்தவளிடம் சொன்னால் அவள் சொன்னதைக் காதில் வாங்காத மாதிரி ஆகும். "டோன்ட் வொரி, எவ்ரிதிங் வில் பீ ஃபைன்" என்பதைச் சொல்ல நாம் டாக்டர் இல்லை. நான் பார்த்தவரையில் உண்மையிலேயே உதவுகிற வாக்கியம், "ஹௌ இஸ் ஹீ டுடே?" அந்த "டுடே" இருப்பதால் கேள்வி சின்னதாகிவிடுகிறது. மொத்த வியாதியையும் விவரிக்க வேண்டாம். "டுடே ஹீ ஏட் எ லிட்டில்" என்று தீதி சொன்னாள். அதைச் சொல்ல முடிந்ததில் அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

யாராவது காலமாகிவிட்டதைச் சொன்னால் இன்னும் குறைவாகப் பேச வேண்டும். "ஐம் ஸோ ஸாரி. ஐ டிடின்ட் நோ." அங்கே நிறுத்திவிடணும். எப்படி, எப்போது, எத்தனை வயது, சுகர் இருந்ததா என்று நாம் கேட்பது துக்க வீட்டு மரபு. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் நம்மவர்கள் துக்கத்தைக் கரைக்கிறார்கள். இங்கிலீஷில் அந்தப் பொறுப்பை எதிராளியிடமே விட்டுவிடுவது நல்லது. சொல்ல நினைப்பவர் சொல்வார். நம் பக்கத்துச் சாவைச் சொல்லும்போது நம் ஊர் வழக்கப்படி "எக்ஸ்பயர்ட்" என்றால் இந்தியாவுக்குள் எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் விழிப்பார்கள். "மை மதர் பாஸ்ட் அவே இன் 2019" எங்கேயும் செல்லும்.

உதவி செய்கிறேன் என்று சொல்வதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "லெட் மீ நோ இஃப் யூ நீட் எனிதிங்" என்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைக் கேட்டு யாரும் போன் பண்ணி உதவி கேட்டதாக நான் பார்த்ததில்லை. ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். வேலூர் லாட்ஜ்களில் அறையோடு அடுப்பு, பாத்திரம் வாடகைக்குக் கொடுப்பது வழக்கம். வங்காளத்துக் குடும்பங்கள் அவர்களே மீன் வாங்கிக் கடுகு எண்ணெயில் சமைத்துக்கொள்வார்கள். தீதி தங்கியிருந்த இடத்தில் அடுப்பு சரியில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். "ஐ கேன் பிரிங் கஞ்சி ஃபார் பாபா டுமாரோ மார்னிங். வுட் தட் பீ ஓகே?" என்று கேட்டேன். கடைசியில் இருக்கும் "வுட் தட் பீ ஓகே?" முக்கியம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழி விடுகிறது. வழி விட்டதாலோ என்னவோ, வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. "லெஸ் சால்ட்" என்று மட்டும் சொன்னாள்.

நம் கதையைச் சொல்லும் இலக்கணத்தில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது, அதையும் அவிழ்த்துவிடலாம். வருஷத்தைச் சொன்னால் நேராக இறந்தகாலம்: "ஐ லெஃப்ட் பெங்களூர் இன் 2009", "ஐ காட் மேரீட் தி ஸேம் இயர்". அன்றிலிருந்து இன்றைக்கு வரை தொடர்கிறது என்றால் "ஹேவ் பீன்": "ஐ ஹேவ் பீன் ஹியர் சின்ஸ் தென்." "ஐ ஹேவ் காட் மேரீட் இன் 2009" என்று இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம், வீட்டில் யார் என்று மூன்று வாக்கியத்தை எப்போதும் தயாராக வைத்திருங்கள். மூன்றுக்கு மேல் போனால் சுயசரிதை. சொல்லி முடித்ததும் "வாட் அபௌட் யூ?" என்று பந்தை அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். நல்ல இங்கிலீஷ் பேசுகிற எத்தனையோ பேர் இந்த மூன்று சொல்லை விட்டுவிட்டுப் பேச்சைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள்.

பழைய கதை பேச "யூஸ்ட் டு" இருக்கிறது. "வீ யூஸ்ட் டு ஈட் முரி அட் த்ரீ இன் தி மார்னிங்!" என்று நான் சொல்ல, "அண்ட் யூ யூஸ்ட் டு பிக் ஆல் தி பீனட்ஸ்!" என்று அவள் சொல்ல, ரோட்டோரத்தில் நின்று சிரித்தோம். முதலில் வேண்டாம் என்று சொன்ன "டூ யூ ரிமெம்பர்" இங்கே கைகொடுக்கும். "டூ யூ ரிமெம்பர் தட் கேப் டிரைவர்?", "ரிமெம்பர் வென் வீ காட் லாக்ட் அவுட்?" என்று இரண்டு பேருக்கும் பொதுவானதைப் பற்றிக் கேட்கும்போது அதில் சோதனை கிடையாது. மற்ற பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்ள "ஆர் யூ இன் டச் வித் எனி ஆஃப் தெம்?" என்றேன். அதில் வம்பு வளர்க்கவும் வசதி உண்டு, வளர்த்தோம்.

கூட யாராவது நின்றால் அவர்களை நிற்க வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே போகாதீர்கள். "திஸ் இஸ் மை ஓல்ட் ரூம்மேட்" என்று ஒரு வாக்கியத்தில் அறிமுகம் செய்துவிடலாம். பேர் மறந்திருந்தால் "ஹேவ் யூ டூ மெட்?" என்று கேளுங்கள், அவர்களே பேர் சொல்லிக்கொள்வார்கள்.

இனி, பிரிகிற இடம். தமிழில் "சரி, வரட்டுமா?" என்றால் முடிந்தது. இங்கிலீஷில் சட்டென்று "ஓகே பை" என்று சொன்னால் கோபித்துக்கொண்டு போவது மாதிரி இருக்கும் என்று பயந்து, ரிசப்ஷனில் எத்தனையோ பேர் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் குரலைக் கொஞ்சம் இறக்கி "எனிவே…" என்று ஆரம்பியுங்கள். இங்கிலீஷ் பழகின யாருக்கும் அது புறப்படும் மணி. அடுத்து, அவசரத்தை எதிராளியின் பேரில் போட்டுச் சொல்வது மரியாதை: "ஐ வோன்ட் கீப் யூ", "ஐ ஷுட் லெட் யூ கோ, பாபா மஸ்ட் பீ வெயிட்டிங்." நமக்கே அவசரம் என்றால் "ஐ ஹேவ் டு ரன், தே ஆர் காலிங் அவர் டோக்கன்" என்று காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேசவே பிடிக்காத ஆளாக இருந்தாலும் இதே வாக்கியம்தான், டோக்கன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"வீ மஸ்ட் கேட்ச் அப் சம்டைம்" என்று ஒருத்தர் சொன்னால் நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அது பெரும்பாலும் விடைபெறும் மரியாதைதான், நாம் "வீட்டுக்கு ஒரு நாள் வாங்க" என்று சொல்லி அட்ரஸ் கொடுக்காமல் போகிறோமே, அதே கணக்கு. நிஜமாகவே பார்க்க விரும்பினால் கிழமையும் இடமும் வேண்டும். "ஆர் யூ ஃப்ரீ ஆன் தர்ஸ்டே ஈவினிங்? கம் டு மை ப்ளேஸ், இட்ஸ் எ டூ மினிட் வாக்." தீதியிடம் அப்படித்தான் சொன்னேன். நம்பர் கேட்பதைவிடக் கொடுப்பது எனக்குப் பிடிக்கும்: "லெட் மீ கிவ் யூ மை நம்பர். கால் மீ எனி டைம், ஈவன் அட் நைட்." கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர்கள் இஷ்டம் ஆகிவிடுகிறது. "ஐல் கிவ் யூ எ மிஸ்ட் கால்" என்று அவள் சொன்னாள். இந்த வாக்கியம் லண்டனில் செல்லுமோ என்னவோ, நம் நாட்டில் இதற்கு ஈடு கிடையாது.

கடைசியாகச் சொல்ல "இட் வாஸ் ஸோ நைஸ் ரன்னிங் இன்டு யூ", "கிவ் மை ரிகார்ட்ஸ் டு பாபா", "டேக் கேர்" போதும். கொல்கத்தா ஆள்களிடம் "பை" என்பதற்குப் பதில் "ஆஷி" என்று சொல்லிப் பாருங்கள். வருகிறேன் என்றுதான் அவர்களும் சொல்லிப் போவார்கள். அந்த ஒரு சொல்லுக்கு முகம் மலர்ந்துவிடும்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவது நல்ல பழக்கம். தம்பி என் போனை எட்டிப் பார்த்து, "பெர்சா எழுதுக்கா, அவ்ளோ வருசம் ஆச்சி" என்றான். நான் எழுதியது இவ்வளவுதான்: "ஸோ ஹேப்பி ஐ ரேன் இன்டு யூ டுடே. கஞ்சி அட் எய்ட், லெஸ் சால்ட். நோ நீட் டு ரிப்ளை." ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கு அனுப்பும் எந்தச் செய்தியிலும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள். வார்டில் போன் சார்ஜ் போட இடம் இருக்காது, பக்கத்துக் கட்டிலில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், பதில் வர இரண்டு நாள்கூட ஆகலாம். வரவில்லை என்று நடுவில் "ஹலோ?" என்றோ வெறும் கேள்விக்குறியோ தட்டி அனுப்ப வேண்டாம்.